ஓசை ஓயுமிடம்

மண்டபத்திற் பேசுவோர் சொல் கடைவரிசையினர்க்கு விளங்காவிடின், நம்மவர் கூறும் முதற் பரிகாரம் ‘உரக்கப் பேசுக’ என்பதே. அதுவும் பலியாதபோது ஒலிபெருக்கி வருவிக்கப்படும். ஆனால் பெரும்பாலான மண்டபங்களிற் குறை ஓசை போதாமையன்று, எழுந்த ஓசை ஓயாமையே என்பது எமது துணிபு.

சக்தி அழிவதில்லையெனப் பௌதிக வகுப்பில் ஓதுகிறோம். அங்ஙனமாயின் ஓய்ந்த ஓசை எங்கே போயிற்று? அலை காற்றை ஆட்டிச் செல்லுந்தோறும் அவ்வாட்டம் சிறிது சிறிதாக ஒழுங்கு குலைந்து உஷ்ணமாகிறது. தாழ்ந்த சுருதியினும் உச்ச சுருதி விரைவிற் தேயும். அண்மையிடி வெடியாகவும் சேய்மையிடி உறுமலாகவும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் ஒரு மண்டபத்தளவில் காற்றினால் நேரும் தேய்வு சொற்பமே. காரைச் சுவரோ தன்மேற் பட்ட ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே ஏற்று, எஞ்சியதைத் திருப்பிவிடும். துணியும் நாரும் அத்தகையனவல்ல. அவற்றின் நுண்டுளைகளிற் புகுந்த காற்று நாரோடு உராய்ந்து தன் ஆட்டத்தை இழக்கிறது. (அவ்வுஷ்ணத்தைக்கொண்டு எவரும் காப்பி காய்ச்ச இயலாதென்பது வேறு விஷயம்!)

இதனை அளந்து காட்டியவர் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பௌதிக ஆசிரியர் வாலஸ் ஸபைன் என்பார். அங்கே 1895-இல் திறந்த ஃபாக் கலைக் காட்சிசாலையின் விரிவுரை மண்டபத்தில் எழுந்த ஓசை அடங்க ஐந்தரை விநாடி சென்றது. அதற்குள் ஓசை ஒரு மைலுக்கு மேல் ஓடிவிடும். பேசுவோரும் பத்துப் பதினைந்து சொற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிவிடுவர். ஸபைன் அருகிலிருந்த நாடகசாலையின் மெத்தைகளை இரவுதோறும் கொணர்ந்து பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஊதி, ஓசை ஓயுங்காலத்தைக் குறித்தார். மெத்தை மிக மிகக் காலம் குறைந்து, முடிவில் ஒரு விநாடியைச் சற்றே கடந்து நின்றது. போன ஓசை மீளாத திறந்த சாளரத்தையே அவர் அளவுகோலாகக் கொண்டார். 1900-இல் திறந்த பாஸ்டன் இசைமண்டபம் அவர் கணக்கைக்கொண்டு அமைந்ததே.

ஒலிபெருக்கி சொல்லையும் உயர்த்தும், அதன் எச்சத்தையும் உயர்த்தும், குழப்பமோ குறையாது. இசைக்குச் சிறிது எதிரொலி வேண்டுமென்பார் கூற்று மெய்யே. ஆயினும் நம் மண்டபங்கள் பெரிதும் சொல்லுக்கே பயன்படுகின்றன. ஆகவே பின்சுவரில் தடித்த கயிற்றுப்பாயும், பக்கங்களில் மடிப்புத் திரையும் தொங்கவிடுதலையே யாம் வேண்டுகிறோம். கூடியிருப்போரின் உடையும் ஓசையை உண்ணுமாதலின், சோதனையை மண்டபம் வெறுமையாயுள்ளபோதும் நிறைந்துள்ளபோதும் செய்தல் வேண்டும். கருவி விற்போரை அழைக்குமுன் நிர்வாகிகள் ஒருமுறை கைகொட்டி, ஓசை ஓயும்வரை விநாடிகளை எண்ணிப் பார்ப்பாராக.