தொழிலாளிக்கு வந்தால் சாக்கா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. முதலாளிக்கு வந்தால் அது நோய். தொழிலாளிக்கு வந்தால் அது சாக்கு!

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நடவுக்கு இறங்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். விடியற்காலை வெறும் வயிற்றோடு கிளம்பியவள். பத்து மணி வெயில் சேற்றுத் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. முதலில் கண்ணெதிரே மினுமினுப்பு. பிறகு ஒரு பக்க நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடி. குமட்டல், வாந்தி. வெளிச்சம் பட்டால் வேதனை. பேச்சுக் குரல் கேட்டால் வேதனை. முந்தானையால் தலையை இறுகக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்காருகிறாள். "நடிப்பெல்லாம் வேண்டாம். நட்டால் முழுக் கூலி, உட்கார்ந்தால் அரைக் கூலி" என்கிறார் மேஸ்திரி.

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஆலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் இளைஞனைப் பாருங்கள். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. தூக்கம் கெட்டது, சாப்பாட்டு நேரம் கெட்டது. மாதத்தில் நான்கு நாள் மண்டை பிளக்கிறது. மாமல்லபுரத்துக் கல் பட்டறையில் உளி பிடிப்பவருக்கு இயந்திரத்தின் இரைச்சலும் கல் தூசியும். செய்யூர் உப்பளத்தில் வாருபவருக்கு வெள்ளை வெளேரென்ற உப்பின் கூச்சம். ஊர் வேறு, தொழில் வேறு. வலி ஒன்று. பெயரும் ஒன்று: ஒற்றைத் தலைவலி. டாக்டர்கள் மைக்ரேன் என்பார்கள்.

இது நோயா, நடிப்பா?

நோய்தான் என்று அடித்துச் சொல்கிறோம். மைக்ரேன் மூளையையும் நரம்பையும் சார்ந்த நோய். மருந்து எடுக்காவிட்டால் ஒருமுறை வந்த வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நிற்கும். குடும்பத்தில் தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். முகத்துக்கும் மண்டைக்கும் செல்லும் நரம்பின் நுனிகளில் சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு பொருள் சுரந்து வலியைக் கிளப்புகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக 2021ஆம் ஆண்டு டென்மார்க்கின் மூளை ஆராய்ச்சிப் பரிசு நால்வருக்கு வழங்கப்பட்டது. விஞ்ஞானிகளுக்குப் பரிசு தரும் அளவுக்கு உண்மையான நோய், நம் மேஸ்திரிக்கு மட்டும் நடிப்பாகத் தெரிகிறது!

"இதெல்லாம் ஏசி அறையில் இருக்கும் சீமாட்டிகளின் வியாதி" என்று சிலர் கொக்கரிக்கிறார்கள். பச்சைப் பொய்! பெங்களூர் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. வயது வந்தவர்களில் ஓர் ஆண்டுக்குள் மைக்ரேன் கண்டவர்கள் நூற்றுக்கு 25 பேர்! ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்! சீமாட்டி வியாதியாம்! கிராமத்தில் சீமாட்டிகள் எத்தனை பேர்? நாற்று நடுகிறவள், களை எடுக்கிறவள், தலையில் கல் சுமக்கிறவள், அவர்களுக்குத்தான் இது மிகுதி.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பட்டினி, தூக்கக் கேடு, தாகம், கண்கூசும் வெளிச்சம், இரைச்சல், மாதவிடாய். இவையெல்லாம் மைக்ரேனைத் தட்டி எழுப்பும். உடம்பில் நோய் இருப்பது இயற்கை. அதை வாரந்தோறும் தட்டி எழுப்புவது யார்? காலைக் கஞ்சிக்கு நேரம் தராத வேலை முறை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டி வருமே என்று பெண்களைத் தாகத்தோடு நிற்கவைக்கும் கெடுபிடி. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியதை மறந்துவிட்டோமா? தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால் மே தினத்துக்குள் அது வாபஸ் ஆயிற்று. எட்டு மணி நேர வேலையைக் காப்பதும் தலைவலிக்கு ஒரு மருந்துதான், தோழர்களே!

பெயரில்லாத மாத்திரை

வலி என்று சொன்னால் ஆலைக்குள் என்ன கிடைக்கிறது? 2019ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்த சுமார் 100 பெண்களிடம் விசாரித்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு மேற்பார்வையாளர்கள் பெயரோ தேதியோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்ற உண்மை வெளிவந்தது. டாக்டர் இல்லை. சீட்டு இல்லை. விழுங்கு, தைய்!

இது மருத்துவமா? மாட்டுக்குத் தீனி போடுகிறவன்கூட என்ன தீனி என்று பார்த்துப் போடுவான்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் மக்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளும் அதற்கு மேலும், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கி வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்! வலி போக்க வாங்கிய மருந்து வலியை நிரந்தரமாக்கும். பெட்டிக்கடையில் இரண்டு மாத்திரையும் ஒரு டீயும் என்று நாளைத் தொடங்கும் நம் தோழர்கள் எத்தனை பேர்! வட்டிக்கு வாங்கிய கடனைப் போலத்தான் இது. இன்று கைக்கு உதவுவதுபோல் இருக்கும், நாளை கழுத்தைப் பிடிக்கும்.

சட்டம் போட்ட இரண்டு நாள் வேலி

"இ.எஸ்.ஐ. இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை அது. அதைக் காப்போம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவர் பெயரில் 600 ரூபாய் செலுத்தப்படுகிறது. நோயுற்ற நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை என்பது ஏற்பாடு.

ஆனால் 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 49ஆவது பிரிவு ஒரு வேலி போட்டது. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது! பணம் பெற்ற ஒரு நோய்க்குப் பின் 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் விலக்கு உண்டு. மைக்ரேன் என்ன செய்யும்? ஒரு நாள் வரும், போகும். பத்து நாள் கழித்து மறுபடி வரும், போகும். ஒவ்வொரு முறையும் வேலிக்கு வெளியிலேயே நிற்கும். மாதம் நான்கு நாள் துடித்தாலும் அவனுக்குக் காசில்லை. மூன்று நாள் தொடர்ந்து படுத்தாலோ, நாளுக்கு 500 ரூபாய்க்காரனுக்கு மூன்றாம் நாளுக்கு மட்டும் 350 ரூபாய். போனது 1,150 ரூபாய்! காலொடிந்தவனுக்குக் கட்டு தெரிகிறது. தலைவலிக்காரனுக்குக் கட்டும் தெரிவதில்லை, காசும் வருவதில்லை.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்து பழைய சட்டங்களின் பெயர்ப்பலகையை மாற்றியது. பலகை மாறினால் யாருக்கு லாபம்? எந்தப் பெயரில் விதி எழுதினாலும் நோய்க்காலக் கூலி முதல் நாளிலிருந்தே என்று எழுதப்பட வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கோ இந்த வேலிகூட இல்லை, தோட்டமே இல்லை! அவளுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. வராத நாளுக்குக் கூலி கிடையாது.

மருந்து இல்லையா?

இருக்கிறது! அதுதான் கொடுமை. மருந்து இல்லாத நோய்க்கு விதியை நோகலாம். மருந்து இருந்தும் கைக்கு எட்டாவிட்டால் யாரை நோவது?

கம்பங் கதிரில் தேன் ஒழுகல் நோய் விழுவதை நம் விவசாயிகள் அறிவார்கள். அதே இனத்துப் பூசணம் குளிர்நாட்டில் ரை என்ற தானியக் கதிரில் வளர்கிறது. அதிலிருந்து 1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் எர்கோட்டமின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். தலைவலிக்கு நெடுங்காலம் அதுதான் மருந்து. (கதிரை யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள். அது நஞ்சு.) 1991இல் சுமட்ரிப்டான் என்ற புதிய மருந்து மேலைநாட்டில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. அந்தச் சட்டம் இருந்ததால் புதிய மருந்துகளை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்ய முடிந்தது. 2005இல் அந்தக் கதவை அடைத்தார்கள். ஆனால் சுமட்ரிப்டான் அதற்கு முந்தியது. இன்று இங்கேயே செய்யப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. வலி வராமல் தடுக்க ப்ராப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, மலிவான மாத்திரைகளும் உண்டு.

டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு ப்ராப்ரனலால் ஆகாது. மாரடைப்போ பக்கவாதமோ கண்டவருக்கு சுமட்ரிப்டான் ஆகாது. அதனால்தான் கேட்கிறோம்: டாக்டர் எங்கே? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கியது. நல்ல ஆஸ்பத்திரி, ஏழைகளின் ஆஸ்பத்திரி. ஆனால் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போக சுமார் 30 கிலோமீட்டர். வரிசையில் நின்று சீட்டு வாங்கித் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022இல் அருகிலுள்ள பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. உலகமே நம் கடற்கரையைப் பார்த்தது. அந்தக் கரையில் கல் செதுக்குகிறவனின் தலையை யார் பார்த்தார்கள்?

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. வரவேற்கிறோம். அந்தப் பையில் ஒற்றைத் தலைவலி மாத்திரைக்கும் ஓர் இடம் வேண்டும். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

நம் வீட்டுக் குப்பையும் உண்டு

எதிரியை மட்டும் குறை சொல்லி நிறுத்த மாட்டோம். நம்மிலும் சிலர் இருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் வர்க்க ஒற்றுமை பேசுவார்கள். வீட்டில் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தால் "உனக்கு எப்போதும் இதே பாட்டு" என்பார்கள். மேஸ்திரி வயலில் சொன்ன அதே சொல்! விளக்கை அணைத்து, பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், ஒரு சொம்பு தண்ணீர் வைத்து, அன்றைய சமையலை நாமே பார்த்தால் குறைந்தா போவோம்? பேய் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று மந்திரக்காரனிடம் கூலிப் பணத்தை இறைப்பதையும் விட வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. வலி வந்த தேதி, நீடித்த நேரம், விழுங்கிய மாத்திரை, அன்று சாப்பிட்டது, தூங்கியது, இவற்றைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளை எழுதட்டும். டாக்டருக்கு அது பாதி நோயைச் சொல்லிவிடும். டாக்டர் தந்த மாத்திரையை வலி தொடங்கியவுடன் எடுங்கள். தாங்கிப் பார்த்துவிட்டு எடுத்தால் அது அவ்வளவாக வேலை செய்யாது. ஒன்று நினைவிருக்கட்டும். எல்லாத் தலைவலியும் மைக்ரேன் அல்ல. இடி விழுந்தாற்போல் திடீரென வந்த வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் மரத்து வாய் கோணும் வலி, தலையில் அடிபட்டபின் வரும் வலி, கர்ப்பிணிக்கு வரும் கடும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் வலி, இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. நோய்க்கால உதவித்தொகை முதல் நாளிலிருந்தே வேண்டும். இரண்டு நாள் வேலி ஒழிக!

2. சுமட்ரிப்டானும் தடுப்பு மாத்திரைகளும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வீடு தேடி வரும் பையிலும் வர வேண்டும்.

3. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே தகுதி பெற்றவர் இருக்க வேண்டும், இருட்டறையில் ஒரு கட்டில் இருக்க வேண்டும். பெயரில்லா மாத்திரை கொடுப்பவர்மீது வழக்குப் போட வேண்டும்.

4. வயலிலும் உப்பளத்திலும் கல் பட்டறையிலும் நிழல், குடிநீர், கழிப்பறை, கஞ்சிக்கு நேரம் வேண்டும்.

5. விவசாயத் தொழிலாளருக்கும் நோயுற்ற நாளுக்குக் கூலி வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போய்க் கேட்டால் "ஸ்டாக் இல்லை" என்ற ஒற்றைச் சொல் பதிலாக வரும். ஊர் கூடிப் போய்க் கேட்டால் பதில் வேறாக இருக்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் பொருளாக இதை வையுங்கள். வலியால் வரப்பில் உட்கார்ந்தவளை இனி யாரும் நடிக்காதே என்று சொல்லாதபடி, அவள் பக்கத்தில் நாம் நிற்போம்!