எல்.சி. திறந்துவிட்டுத் தூங்கலாமா?

ஆலையடிவேம்பில் ஒரு செத்தவீட்டுக்குப் போனவன், திரும்பும் வழியில் அக்கரைப்பற்றில் ஒரு கடையில் இறங்கினேன். கடைக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், முஸ்லிம். நெடுங்காலப் பழக்கம். நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். லான்ட்மாஸ்டர் உதிரிப்பாகங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் விற்பவர். புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், சில வருடங்களாகச் சீனாவிலிருந்து நேரடியாக இறக்குகிறார். பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும் பின்னறை அன்று வெறுமையாகக் கிடந்தது.

நடந்தது இதுதான். வழமையான தொழிற்சாலைக்கு வழமையான கட்டளை. முப்பது வீதம் முற்பணம் வங்கி மூலம் போயிற்று. சரக்கு தயார் என்று மின்னஞ்சல் வந்தது. மறுநாள் இன்னொன்று வந்தது: எங்கள் கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, மிகுதியை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள். அதே கடிதத் தலைப்பு, அதே கையொப்பம், அதே அரைகுறை ஆங்கிலம். மனிதர் அனுப்பிவிட்டார். பதினேழு நாட்களின் பின் தொழிற்சாலை, "மிகுதிப் பணம் எங்கே?" என்று கேட்டது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்ததை அவருடைய மகன் அதன் பிறகுதான் கண்டுபிடித்தான்.

"காசு போனாப் போகட்டும் தம்பி. ஊரே என்னை மோடன் எண்டு செல்லுது. அதத்தான் தாங்கேலாமக் கிடக்கு" என்றார்.

இவ்வகை மோசடிகளில் மட்டும் 2023இல் 290 கோடி டொலர் வரை இழந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் முறைப்பாடுகள் பதிவாகின. சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் வைத்திருக்கும் கம்பனிகள் அங்கே ஏமாந்திருக்கின்றன. அக்கரைப்பற்றுக் காக்கா மட்டும் மோடனாம்!

என்னை எழுதவைத்தது இந்த இழப்பு அல்ல. முறையிடப் போன இடத்தில், குளிரூட்டிய அறையில் இருந்த ஓர் அதிகாரி அவருக்குச் சொன்ன பதில்தான் எழுதவைத்தது. "எல்.சி. திறந்திருந்தால் இது நடந்திருக்காதே! எல்.சி. திறந்துவிட்டுத் தூங்கலாம்." இதே உபதேசத்தை வெளிநாட்டு உறவினர் முதல் பத்திரிகைப் பத்தியாளர் வரை எல்லோரும் ஓதுகிறார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, இந்த நாடு தன் பணத்தையே பறிகொடுத்த கதை.

2021ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. அம்பாறை மாவட்டத்து விவசாயிக்கு அது என்ன அடி என்பதைச் சாகாமத்து வயல்காரரிடம் கேட்டால் தெரியும். பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்திவிட்டு யூரியா இல்லாமல் வானத்தைப் பார்த்திருந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க, சீனாவின் சிங்டாவ் சீவின் நிறுவனத்திடமிருந்து 99,000 தொன் சேதன உரம் வாங்க அரசு உடன்பட்டது. மாதிரிகளைப் பரிசோதித்த தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை, பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருப்பதாகக் கூறி நிராகரித்தது. நிறுவனம் அம்முடிவை மறுத்தது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 20,000 தொன்னுடன் 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் இலங்கையை நோக்கி வந்தது.

பணம் செலுத்தும் வழி என்ன? நாணயக் கடிதம். அதாவது எல்.சி. திறந்தது மக்கள் வங்கி. பணம் கொடுக்கக் கூடாதென்று ஒக்டோபரில் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியது. அதே மாதம் 29ஆம் திகதி, மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. கப்பல் சரக்கை இறக்காமலே போயிற்று. ஈற்றில் 2022 ஜனவரியில், 70 இலட்சம் டொலருக்குச் சற்றே குறைந்த தொகையை இலங்கை கொடுத்துத் தீர்த்தது. ஒரு மூடை உரமும் இந்த மண்ணில் இறங்கவில்லை. கொள்கலன்களை விடுவிக்க டொலரின்றித் துறைமுகம் திணறிக்கொண்டிருந்த காலம் அது.

அன்று பலரும் சீனாவைத் திட்டினார்கள். சிலர் விஞ்ஞானிகளையும் திட்டினார்கள். எல்.சி. என்றால் என்ன என்பதை வாசகனுக்கு விளக்கியவர்கள் மிகச் சிலர். எனது தொழிலைச் சேர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

உலக வங்கிகள் எல்.சி.க்குப் பின்பற்றும் விதிகள் பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தகச் சம்மேளனத்தினுடையவை. இப்போதைய பதிப்பு யூ.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் ஐந்தாம் உறுப்புரை வெளிப்படையாகச் சொல்வது: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை மட்டுமே, ஆவணம் குறிக்கும் சரக்கை அல்ல. விலைப்பட்டியல், கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு, கேட்டிருந்தால் காப்புறுதிப் பத்திரம், பரிசோதனைச் சான்றிதழ். இவை நிபந்தனைப்படி சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுத்தே தீரவேண்டும். பெட்டிக்குள் மோட்டார் இருக்கிறதா, செங்கல் இருக்கிறதா என்பது வங்கியின் கவலை அல்ல. அப்பட்டமான மோசடி என்று காட்ட முடிந்தாலொழிய நீதிமன்றமும் இலேசில் குறுக்கே வராது. வந்தாலும் தடையுத்தரவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

ஆகவே எல்.சி.யின் பாதுகாப்பு அதன் பெயரில் இல்லை. விண்ணப்பத்தில் 'தேவையான ஆவணங்கள்' என்ற பகுதியில் என்ன எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. யாருடைய முத்திரை விழுந்த எந்தத் தாள் வந்தால் பணம் போகும்? இக்கேள்விக்கு விடை, சரக்கு கப்பலேறும் முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். நமது தாவரத் தனிமைப்படுத்தல் சேவையின் அங்கீகாரம் கையில் வரும்வரை எல்.சி.யே திறப்பதில்லை என்று இருந்திருந்தால், நீதிமன்றத்துக்கு ஓட எவருக்கும் வேலை இருந்திருக்காது. அமைச்சுகளும் அரச வங்கியும் சேர்ந்து இடறிய இடத்தில், ஒரு கடைக்காரரைத் "தூங்கலாம்" என்கிறார்கள்.

சரி, அவர் எல்.சி. திறக்கத்தான் முடியுமா? ஏழாயிரம், எட்டாயிரம் டொலர் கட்டளைக்கு வங்கி பிணை கேட்கிறது, கட்டணங்கள் வேறு. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, 623 வகைப் பொருட்களுக்கு எல்.சி. திறப்பதாயின் முழுப் பெறுமதியையும் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும் என்றது. மாத முடிவில் அதை நீக்கியது. 2022 மே மாதத்தில் மீண்டும் கொண்டுவந்தது. 203 ரூபாவில் இருந்த டொலர் அதற்குள் 360ஐத் தொட்டிருந்தது. பெரிய இறக்குமதியாளர் தாங்குவார். சிறியவர் என்ன செய்வார்? உண்டியலுக்குப் போனார். உண்டியல்தான் நம்பிக்கையானது என்று வாதாடும் நண்பர்களுக்கு ஒன்று: அதற்குச் சட்டமும் இல்லை, சீட்டும் இல்லை, பணம் தவறினால் பொலிசுக்குக்கூடப் போக முடியாது. அக்கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இப்போது நீங்கிவிட்டன. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியே திறந்துவிடப்பட்டது. சிறு வியாபாரி மட்டும் நின்ற இடத்திலேயே, வங்கி மூலம் முற்பணம் அனுப்பிவிட்டு ஆண்டவனை நம்பி, நிற்கிறார்.

அவருக்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. சொல்ல ஆள் இல்லை. கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், பழைய விலைப்பட்டியலில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கவேண்டும். எல்லை கடந்த பணமாற்றத்தில் பல வங்கிகள் கணக்கு இலக்கத்தைத்தான் பார்க்கின்றன, பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. இதை அறியாமல் "கம்பனிப் பெயர் சரியாகத்தானே போட்டேன்" என்று அழுதவர்கள் உண்டு. மிகுதிப் பணத்துக்கு முன் சரக்கைப் பார்த்துச் சான்று தர, எஸ்.ஜி.எஸ். போன்ற சுயாதீன நிறுவனங்கள் சீனாவிலேயே இருக்கின்றன; சிறு சரக்குக்குச் சில நூறு டொலர் ஆகும். கப்பல் சீட்டின் மூலப் பிரதியை வங்கி மூலம் அனுப்பச் சொல்லி, பணம் கட்டி எடுக்கும் முறை எல்.சி.யைவிட மலிவு, இங்கும் பெட்டிக்குள் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் வெறுங்கையுடன் நிற்க நேராது. பணம் தவறிப் போனால் முதல் ஓரிரு நாட்களுக்குள் வங்கி திருப்பியழைப்புச் செய்தி அனுப்பினால் மீளும் வாய்ப்புச் சிறிதாவது உண்டு. பதினேழாம் நாள் போனவருக்கு அது எட்டாத கதை.

இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் சொல்வது யார் பொறுப்பு? காக்கா எனக்குத் தன் விண்ணப்பப் பிரதியைக் காட்டினார். முழுக்க ஆங்கிலம். கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாத எழுத்தில் நிபந்தனைகள். பிழையான கணக்குக்குப் பணம் போனால் வங்கி பொறுப்பல்ல என்ற வரி அதற்குள்தான் இருந்தது. ஆறு இடங்களில் கையொப்பம் வைத்திருக்கிறார். ஒரு வரியும் வாசிக்கவில்லை. வங்கிகளுக்கிடையே போகும் செய்தி ஆங்கிலத்தில்தான் போகவேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையொப்பமிடுபவர் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இருக்கிறார். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. கடன் தவணை தவறினால் வரும் அறிவித்தல் அழகான தமிழில் வருகிறதே, அது எப்படி?

புறப்படும்போது, தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய விலைப்பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார். விட்டதைப் பிடிக்காமல் விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வரச்சொன்னார், இருவருமாக இருந்து வரி வரியாக வாசிப்பதற்கு. மகனிடம் தொழிற்சாலையின் பழைய தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.