பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

மொராக்கோ போய்வந்தவர்களில் காஸாபிளாங்காவைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் எவரையும் நான் கண்டதில்லை. "விமானத்திலிருந்து இறங்கினோம், ஒரு ராத்திரி தங்கினோம், மறுநாள் காலையில் மராகேஷுக்கு ரயில் ஏறிவிட்டோம். அங்கே பார்க்க ஒன்றுமில்லை ஸார்!" என்பார்கள். 30 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் குடியிருக்கும் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள்? ஒட்டகம், பாம்பாட்டி, குறுகிய சந்து, சிவந்த மண் சுவர். இவை மராகேஷில் கிடைக்கின்றன. காஸாபிளாங்காவில் இருப்பவை துறைமுகம், பாங்கிகள், டிராம், காலையில் அவசரமாக வேலைக்கு ஓடும் ஆண்களும் பெண்களும். இது நம் ஊரிலேயே இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். நம் சென்னைக்கு வரும் வெள்ளைக்காரர் பாம்பாட்டியைக் காணோமே என்று உதட்டைப் பிதுக்கினால் மட்டும் நமக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. மொராக்கோக்காரருக்கு அந்த ரோஷம் கூடாதா?

இந்தப் பழமை மோகம் நாமாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1912-ல் மொராக்கோ பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. அவர்களுடைய முதல் பிரதிநிதி லியோத்தே, சுவர் சூழ்ந்த பழைய நகரங்களில் கை வைக்கக் கூடாது, ஐரோப்பியருக்குப் பக்கத்திலே புது நகரம் கட்டவேண்டும் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டார். கலாரசிகர் என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் உண்டு. சுவர்கள் பிழைத்தன, வாஸ்தவம். அந்தச் சுவர்களுக்குள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தவர்களுக்கு அகலமான வீதியும் காற்றோட்டமான வீடும் வேண்டுமா என்று யார் கேட்டார்கள்?

காஸாபிளாங்காவில் ஹபூஸ் என்றொரு பேட்டை இருக்கிறது. வளைவு வாசல்களும் ஆலிவ் காய்க் கடைகளுமாக அழகாகவே இருக்கிறது. "அப்பாடா, கடைசியில் ஒரு பழைய இடம்!" என்று பிரயாணிகள் அங்கே காமிராவைத் திறக்கிறார்கள். அது 1910-களின் கடைசியில் தொடங்கி, லாப்ராட் முதலான பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் திட்டம் போட்டுக் கட்டிய பேட்டை. 1942-ல் வந்த 'காஸாபிளாங்கா' சினிமாவின் கதையும் இதேதான். கலிபோர்னியா ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. அதில் வரும் மதுக்கடையைத் தேடி ஆட்கள் வந்தவண்ணம் இருந்ததால், 2004-ல் அதே பெயரில் ஒரு கடையைத் திறந்தேவிட்டார்கள். ஊரைப் பார்க்கச் சொன்னால் ஊரின் வேஷத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

பார்க்க என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? கடலோரத்தில் 1993-ல் முடிந்த இரண்டாம் ஹஸன் மசூதி இருக்கிறது. 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் கோபுரத்தைப் படம் பிடிக்காதவர் இல்லை. நான் சொல்ல வருவது அதை அல்ல; ஹை முஹம்மதி என்ற தொழிலாளர் பேட்டையை. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், தகர டின்களைத் தட்டி நிமிர்த்திக் குடிசை போட்டுக்கொண்ட இடம் அது. தகரக் குடிசைப் பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'பிடோன்வில்' என்ற வார்த்தை பிறந்ததே இந்த ஊரில்தான் என்பார்கள். 1952 டிசம்பரில் டுனீஷியத் தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹத் ஹஷெத் கொலையுண்டபோது, இந்தக் குடிசைக்காரர்கள்தாம் திரண்டு எழுந்து துப்பாக்கிக் குண்டுகளை ஏற்றார்கள். 1956-ல் வந்த சுதந்திரத்துக்கு இங்கேயும் விலை கொடுத்திருக்கிறார்கள். இது சரித்திரமில்லையா? இடிந்த கோட்டையில் மட்டுந்தான் சரித்திரம் குடியிருக்குமா?

ஊர் சத்தமானது, புகை பிடித்தது. நடு ஊரின் வெள்ளைக் கட்டடங்களில் காரை உதிர்கிறது. மறுக்கவில்லை. பிழைப்புக்கு ஓடுகிற ஊர் அப்படித்தான் இருக்கும்.

நான் தங்கிய ஹோட்டலில் ஒரு பையனிடம், "இங்கே எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டேன். பதில் பேசாமல் மராகேஷ் ரயில் அட்டவணையை நீட்டினான். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவன்! எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். வருகிறவன் எல்லாம் உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கி, தன் ஊர் மதிப்பற்றது என்று அவனையே நம்ப வைத்துவிட்டான். பிரயாணிகளால் ஓர் ஊருக்கு நேரக்கூடிய கெடுதலில் இதைவிடப் பெரியது வேறில்லை.

மராகேஷுக்குத் தாராளமாகப் போங்கள். இரண்டு நாள் தாமதித்துப் போங்கள். 2012-ல் ஓடத் தொடங்கிய டிராமில் ஏறி, சீதி மூமென் வரை சீட்டு வாங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். அவர்கள் நமக்கு வேடிக்கை காட்டுவதற்காகப் பிறந்தவர்கள் அல்லர்.