கல்லணைக்குக் கீழே மலை ஏது மக்களே?

ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்த விஷயம். போன வாரம் சித்தப்பா பையன் ஃபோன் பண்ணினதுல பொங்கிடுச்சு, அதான் இந்தப் பதிவு.

தம்பிக்கு கும்பகோணத்துல வேலை. பாபநாசத்துலேர்ந்து தினமும் சைக்கிள்ல போய் வரணும்னு ஆசை. போக 15 கிலோமீட்டர், வர 15. கையில 15,000 ரூபாய். விசாரிச்ச இடத்துலெல்லாம் ரெண்டே ரெண்டு கட்சி. "ரோடு பைக்குன்னா 50,000 இல்லாம பேச்சே எடுக்காதே"ங்கிறது வார இறுதி வீரர்கள் கட்சி. "21 கியர், முன்னாடியும் பின்னாடியும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், எல்லாம் சேத்து 12,000 தான் சார்"ங்கிறது கடைக்காரர் கட்சி.

முதல் கட்சி அவனைப் பயமுறுத்துது. ரெண்டாவது கட்சி அவனை ஏமாத்துது. ரெண்டுக்கும் முடிவு ஒண்ணுதான்: ஆறே மாசத்துல தம்பி தவணையில ஒரு மோட்டார் பைக் வாங்கிடுவான்.

கணக்குக்கு வருவோம். தஞ்சாவூர் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் கடற்கரை. நடுவுல 80 கிலோமீட்டருக்கு மேல. அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட இறக்கம் கிடையாது. காவிரித் தண்ணி போற வேகமே சொல்லுமே! இந்த ஊர்ல மேடுன்னா ஆத்துப் பாலம், ரயில்வே மேம்பாலம், அவ்ளோதான். இதுக்கு எதுக்குய்யா 21 கியர்?

முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல் உள்ள ஒத்தை கியர் சைக்கிளை எடுத்துக்குங்க. ஒரு சுத்து மிதிச்சா ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுத்து, யாரும் மூச்சு வாங்காம மிதிக்கிற வேகம். மணிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம் வந்துடுது. முக்கால் மணி நேரத்துல பாபநாசம் டு கும்பகோணம். முடிஞ்சது கதை.

"அப்போ காத்து?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. டெல்டாவுல மலை இல்லை, ஆனா ஆடிக்காத்து இருக்கு. மேற்கேர்ந்து அடிக்கும், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புற தம்பிக்கு நேரா முகத்துல. 20 கிலோமீட்டர் வேகத்துல போறவனுக்கு எதிர்காத்து 15 இருந்தா, உடம்பு மேல படுற காத்து 35. எதிர்ப்பு விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தமாதிரி ஏறும்ங்கிறதால, கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஆக, குனிஞ்சு ஓட்ட வசதியான ஹேண்டில்பார் நல்லதுங்கிற முதல் கட்சியோட வாதத்தை ஒத்துக்கறேன். பின்னாடி ஆறேழு கியர் இருந்தா இன்னும் நல்லது. இல்லைன்னா 18 பல் ஃப்ரீவீலைக் கழட்டிட்டு 20 பல் போட்டுக்கலாம், சைக்கிள் கடையில சின்ன வேலை. ஆனா சஸ்பென்ஷன்? நீங்க மிதிக்கிற மிதியில கொஞ்சத்தை அந்த ஸ்பிரிங்கே சாப்பிடும். தூக்கிப் பாருங்க, கை சொல்லும்.

அடுத்து டயர். இங்கதான் முதல் கட்சி மேல எனக்கு நிஜமான கோபம். அவங்க பேச்சைக் கேட்டு முதல்ல நான் வாங்கினது 23 மில்லிமீட்டர் டயர் போட்ட வண்டி. குறுவை அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா பிரச்சனை, விவசாயி எங்க போய்க் காயவைப்பார்? தார் ரோட்டுலதான். ஒரு வளைவுல நெல்லு மேல ஏறினேன். காரை எலும்பு உடைஞ்சு ஆறு வாரம் கட்டோட கிடந்தேன். ஓடி வந்து தூக்கினவர் அந்த நெல்லுக்காரர்தான். "இந்த நூல் மாதிரி டயர்ல ஏன் தம்பி வர்றீங்க?"ன்னார். தப்பு அவர் மேல இல்லை, ரோட்டைப் பாக்காம சைக்கிள் வாங்கினவன் மேல.

சரி, தம்பிக்கு நான் சொன்னது இதான்:

1. ஸ்டீல் ஃப்ரேம், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், 32-லேர்ந்து 38 மில்லிமீட்டர் டயர். பழசுன்னாலும் பரவாயில்லை.

2. ரிம் அலாய்ல இருக்கணும். குரோம் பூசின இரும்பு ரிம், ஐப்பசி மழையில நனைஞ்சா பிரேக் பிடிக்கவே பிடிக்காது. மலிவு டிஸ்க் வேண்டாம், தட்டு வளைஞ்சா ஊர்ல யார் நிமிர்த்துவா?

3. டயர் அளவை மில்லிமீட்டர்ல படிங்க. நம்ம ஊர் 28 இஞ்ச் சைக்கிளோட ரிம் 635. ரோடு பைக்கோட 700சி ரிம் 622. ரெண்டையும் "இருபத்தெட்டு"ன்னு சொல்றவங்க உண்டு, ஒண்ணோட டயர் இன்னொண்ணுக்குச் சேராது. 700சி வாங்கினா ரெண்டு ட்யூப் கையிருப்பு வைங்க. வால்வு ஒல்லியா இருந்தா கடைப் பம்புக்கு ஒரு அடாப்டரும்.

4. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வெச்சா கால் நேரா நீளணும். அந்த உயரத்துல சீட். முட்டிவலிக்காரங்க சிலபேருக்கு வைத்தியம் இதான்.

5. 10,000, 11,000-ல சைக்கிளை முடிச்சுட்டு, மிச்சத்துல ஹெல்மெட், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, மட்கார்டு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லேர்ந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. மிச்சமாற காசை விளக்குல போடுங்க சாமி.

கடைசியா ஒண்ணு. பக்கத்து புதுக்கோட்டையில 1991-92-ல அறிவொளி இயக்கத்தோட சேந்து பொண்ணுங்க ஊர் ஊரா சைக்கிள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்கலைன்னதும் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க. பார்ல குழந்தையை உக்கார வெச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல ஆரம்பிச்சு 2005-06-ல விரிஞ்சது. அந்த ஒத்தை கியர் வண்டியில ஆடிக்காத்துல ஸ்கூலுக்குப் போற பொண்ணுகிட்ட போய், "50,000 இல்லாம ஆரம்பிக்காதேம்மா"ன்னு சொல்லிப் பாருங்களேன். சிரிச்சுக்கிட்டே உங்களை முந்திட்டுப் போயிடும்.

சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்க ஒரு நுழைவுக் கட்டணத்தை நாமளே எழுதி ஒட்டிட்டு, "யாரும் ஓட்ட வர்றதில்லையே"ன்னு புலம்புறதுல அர்த்தம் இல்லை.

டிஸ்கி: ஏற்காடு, கொடைக்கானல் மக்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். உங்களுக்கு கியர் வேணும், ஒத்துக்கறேன் :-)