ஐந்து பேரும் ஒரு படலையும்

கோயில் தருமச் சொத்துகளுக்குச் சட்டத் திருத்தம் எதற்கு என்று சென்ற இதழில் ஒரு சட்டத்தரணி ஐயா கேட்டிருந்தார். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டமே போதுமாம். தர்மகர்த்தா பிழை விட்டால் வழிபடுவோர் ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றம் போகலாமாம். மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதினால் எல்லாம் ‘போகலாம்’தான். எங்கள் இலுப்பைக்கடவையிலிருந்து போக ஏ32 வீதியில் முதலில் பஸ் வர வேண்டும்.

ஐயா விழுங்கிவிட்ட மீதியை நான் சொல்கிறேன். 102ஆம் பிரிவின்படி அந்த ஐந்து பேரும் நேரே நீதிமன்றப் படி ஏற முடியாது. முதலில் கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவர் ஆணையாளர் ஒருவரை நியமிப்பார். ஆணையாளர் விசாரித்து, இது நீதிமன்றம் பார்க்க வேண்டிய விஷயந்தான் என்று அறிக்கை தர வேண்டும். அதை அதிபர் சான்றுப்படுத்த வேண்டும். வழக்கு அதற்குப் பிறகுதான். வீண் வழக்கு என்ற மாடு உள்ளே வராமலிருக்கக் கட்டிய படலை அது. இப்போது வீட்டுக்காரரே உள்ளே போக முடியவில்லை.

அதுசரி, அந்த ஐந்து பேர் யார்? விடியக் கடலால் வந்து வலை தெரிபவரா, வயலில் நாட்கூலிக்கு நிற்பவரா? தர்மகர்த்தா அவருக்குப் பெரியப்பா முறை. போன போகத்துக்கு விதைநெல் கடன் கொடுத்தவரும் அவர்தான். கையெழுத்துக் கேட்டால், “எனக்கேன் தம்பி இந்த வில்லங்கம்?” என்பார். பிழை அவரிலா, சட்டத்திலா?

உறுதி இல்லாத கோயில் காணி, பத்து வருடம் ஆண்ட குடும்பத்துக்கே சொந்தம் என்று ஐயா ஒரு வரியும் எழுதியிருக்கிறார். 2008இல் இந்தக் கரையை விட்டு ஓடிய சனம் முள்ளிவாய்க்கால் வரை எதைக் கொண்டுபோனது, எதைக் கொண்டுவந்தது என்று ஐயாவுக்குத் தெரியுமா? ஆச்சி சொப்பின் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தது பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை. கோயில் உறுதிக்கு அந்தப் பையில் இடமிருக்கவில்லை. போகட்டும், ஐயா புகழும் அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு, முறையான உறுதி இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளைப் பார்த்துத் தருமச் சொத்து என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்கிறது. தருமச் சொத்தை மீட்கும் கோரிக்கையைக் காலாவதிக் கட்டளைச் சட்டம் தடுக்காது என்கிறது 111ஆம் பிரிவு. தாம் புகழ்ந்த சட்டத்தையே ஐயா கடைசிப் பக்கம் வரை புரட்டவில்லை.

அரசாங்கம் கோயிலுக்குள் கைவைத்துவிடும் என்ற ஐயாவின் பயம் மட்டும் எனக்கும் உண்டு. தொல்லியல் என்ற பெயரில் அரசாங்கம் புகுந்த குருந்தூர்மலையைப் பார்த்த எவருக்கும் அது இருக்கும். தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் பௌத்த விகாரைச் சொத்துக்கு 1931இலேயே தனிச் சட்டம் வந்தது. பள்ளிவாசல்களுக்கும் வக்புகளுக்கும் 1956இல் வந்தது. சைவக் கோயிலுக்கு மட்டும் அந்த 1917தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. இலுப்பையின் பெயரையே சுமக்கும் ஊரில் அதைச் சொல்லவும் வெட்கமாயிருக்கிறது. எந்தக் காணி கோயிலுடையது என்று எங்குமே பதியாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்கிறார் ஐயா. எல்லைக்கல் போட வருகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. நாங்கள் கேட்பது கச்சேரிப் படலையைக் கழற்றுவதும், சொத்துகளைப் பதிவதும், வருடக் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுவதுமே.

கணக்குக் கேட்பது தர்மகர்த்தாவை அவமதிப்பதாம்! நான் சிறுவனாக இருந்தபோது, திருவிழா முடிந்த மறுநாள் பழைய தர்மகர்த்தா வேப்பமரத்தடியில் பாய் விரித்து, உபயக் கொப்பியைத் திறந்து உரத்து வாசிப்பார். கற்பூரத்துக்கு இவ்வளவு, மேளகாரருக்கு இவ்வளவு என்று. மிஞ்சிய தேங்காயையும் எண்ணிக் காட்டுவார். அந்தக் கொப்பி இப்போது வெளிநாட்டில் இருக்கும் பேரனிடம் இருக்கிறதாம். படமெடுத்து அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்டோம். பார்த்துவிட்டார்; நீலச் சரி இரண்டும் விழுந்திருக்கிறது.