படத்தில் இருப்பவரும் வாசிப்பார்

சென்ற வருடம் நோன்புப் பெருநாளன்று என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் உம்மம்மாவைப் படம் எடுத்து, நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் புகைப்படக் குழுவில் போட்டாள். வெள்ளை முக்காடு, பின்னால் கிடுகு வேலி, உச்சி வெயில். "எப்படி இருக்கு, சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாள். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறவள் என்ற மிதப்பில் நான்தான் முதல் ஆளாக எழுதினேன்: "முகம் கறுத்துப் போய்விட்டது. சுருக்கங்கள் அதிகம் தெரிகின்றன. வயது குறைந்த ஒருவரை வைத்து எடுத்திருந்தால் எடுபட்டிருக்கும்."

அந்த உம்மம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. பேரன் அதை உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறான். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டுப் புத்தளத்துக்குப் போனபோது அவருடைய கலியாணப் படமும் வீட்டோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர, அவரைத் தனியாக இருத்தி யாரும் படம் எடுத்ததில்லை. நான் எழுதியதைக் கேட்டுவிட்டு, "நான் கறுப்புத்தானே மகள், அந்தப் பிள்ளை சொன்னதில என்ன பிழை" என்றாராம். தோழி இதை என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். (அவளிடமும் உம்மம்மாவிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

ஒரு கவிதையைக் குறை சொன்னால் எழுதியவரும் சொன்னவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒருவருடைய உருவப்படத்தைக் குறை சொல்லும்போது மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். படம் எடுத்தவள் கருத்துக் கேட்டாள். அந்த மூன்றாவது ஆள் கேட்கவில்லை. படம் எடுக்கச் சம்மதித்தார் என்பதற்காகத் தன் மூக்கையும் நிறத்தையும் பற்றி நாலுபேர் பேசச் சம்மதித்தார் என்று ஆகாது. ஒருவர் இல்லாத இடத்தில், அவர் கேட்டால் வருந்தக்கூடியதைப் பேசுவதற்கு என்ன பெயர் என்று மத்ரசாவிலேயே படித்துவிட்டோம். கலை விமர்சனம் என்று பெயர் மாற்றினால் அது வேறொன்றாகிவிடுமா?

நான் எழுதியது பண்பில் மட்டுமல்ல, தொழில்நுட்பத்திலும் பிழை. அதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். கமரா வெளிச்சத்தை அளக்கும்போது தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. சட்டகத்தின் பெரும்பகுதி வெயிலில் பளீரிடும் வெள்ளை முக்காடாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். முக்காடு அழகாக வரும், முகம் இருண்டுவிடும். வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடும் அணிந்து வன்னி வெயிலில் நிற்கும் நாங்கள் எல்லோரும் குழுப்படங்களில் இப்படித்தான் இருக்கிறோம். கைத்தொலைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால், அல்லது ஆளை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப் போனால், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும். தோழிக்கு ஒரு பாடம் கிடைத்திருக்கும், உம்மம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தக் கோளாறு பழையது. வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கொடக் நிறுவனம் படக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல ஆண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்கு ஏற்றபடியே நிறங்கள் சீர்செய்யப்பட்டன. மற்றவர்களின் முகம் சரியாக வராதபோது பழி முகத்தின்மேல் விழுந்தது. இன்றைக்கும் "கொஞ்சம் வெளுப்பாக்கிப் பார்த்தேன், இப்ப வடிவு" என்று மற்றவள் எடுத்த படத்தைத் திருத்தித் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தவளிடமும் கேட்பதில்லை, படத்தில் இருப்பவளிடமும் கேட்பதில்லை. இதைவிட நான் எழுதிய மூன்று வரி மேல் என்று சில நேரம் தோன்றும்.

அதற்காக எல்லாப் படத்துக்கும் "மாஷா அல்லாஹ், சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதில் யாரும் எதையும் கற்கமாட்டார்கள். கடுமையான விமர்சனம் தேவை. ஆனால் எதன்மேல் என்பதுதான் கேள்வி. ஜூலியா மார்கரட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண் நாற்பத்தெட்டு வயதில் படம் எடுக்கத் தொடங்கியவர். உருவங்கள் தெளிவில்லாமல் மங்கலாக இருக்கின்றன என்று 1860களில் இலண்டன் புகைப்பட விமர்சகர்கள் அவரைத் தாக்கினார்கள். அவர் அசையவில்லை. அந்த மங்கல் அவர் தெரிந்தே எடுத்த முடிவு. அதைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம், இன்றைக்கும் பிடிக்கிறார்கள். 1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். களுத்துறைப் பக்கத்து மக்களைப் படம் எடுத்தார். 1879இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் டெனிசனுக்கும் படத்தின் கீழ் பெயர் உண்டு. இலங்கைப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயரே எழுதப்படவில்லை. எனக்கு மங்கலைவிட இந்தக் குறைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஷர்பத் குலாவின் கதையும் அதுதான். 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. ஸ்டீவ் மக்கரி எடுத்த அவளுடைய படம் 1985 ஜூனில் நஷனல் ஜியோகிரபிக் அட்டையில் வந்தது. உலகம் முழுவதும் அந்தக் கண்களைப் பற்றிப் பேசியது. 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவருடைய பெயர் வெளியே தெரியாது. தன் படத்தை அவரே அப்போதுதான் முதன்முதலில் பார்த்தார். பதினேழு வருடமாக உலகமே பேசிய பேச்சில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை.

எங்கள் பக்கத்திலும் பார்க்கிறோம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு இருந்தார்கள். அவர்களைப் படம் எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. அதன் கீழ் "முகச் சுருக்கங்களில் நிழல் அருமை" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது பாராட்டுத்தான். ஆனாலும் அந்தத் தாயின் முன்னால் நின்று அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். அவர் கையிலிருக்கும் படம் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்ததாக, கலங்கிப் போனதாக இருக்கலாம். அதைப் பற்றி விமர்சகர் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

பெற்றோரில் சிலர், இந்தத் தொல்லையே வேண்டாம், பெண்பிள்ளைகளுக்குக் கமரா எதற்கு என்பார்கள். நான் உடன்படவில்லை. எங்கள் உம்மம்மாமாரை நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பது? ஒன்று செய்யலாம். படம் எடுக்கக் கேட்கும்போதே, "இதை நாலு பேருக்குக் காட்டிப் பேசலாமா" என்று இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் படம் அவரிடமே இருக்கட்டும்.

இந்த வருடக் கண்காட்சிக்கு என் சார்பில் ஒரு வேண்டுகோள். படத்தில் இருப்பவர் விரும்பினால் அவருடைய பெயரைக் கீழே எழுதுவோம். கருத்து எழுதும் கொப்பியை வாசலில் வைக்காமல், படத்தில் இருப்பவர்களும் வந்து உட்காரும் மண்டபத்துக்குள்ளேயே வைப்போம். அந்த உம்மம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை அவருக்கு வாசித்துக் காட்டப் போவது நான்.