காத்திருக்கச் சொல்லும் ஐயாவுக்கு

இரண்டு தோணியில் கால் வைத்தவன் தண்ணீரில்தான் விழுவான் என்று சொல்லி, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எங்கள் ஊர்ப் பெற்றோர் கூட்டத்தில் பலத்த கைதட்டல் வாங்கினார். உயர்தரம் படிக்கும்போதே பிள்ளைகள் தொழினுட்பக் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ ஒரு பாடநெறியைத் தொடரட்டும், பள்ளிக்கூடமும் அதைக் கணக்கில் எடுக்கட்டும் என்ற யோசனைக்கு அவர் சொன்ன மறுப்பு அது. எங்கள் கடற்கரை ஊரான வங்காலையில் நின்று தோணியை உவமைக்கு எடுப்பவர் முதலில் கரையில் இறங்கி விசாரித்திருக்கவேண்டும். இயந்திரம் நின்றுபோனால் நடுக்கடலில் அடுத்த படகுக்குக் கால் மாற்றித்தான் எங்கள் ஆட்கள் வீடு வந்து சேருகிறார்கள். விழுகிறவன் கால் மாற்றப் பழகாதவன். ஐயா பிள்ளைகளைப் பழகவே விடமாட்டேன் என்கிறார்.

அவரில் எனக்கு மரியாதை உண்டு. அவர் வாதத்தில் இல்லை.

முதல் வாதம், கவனம் சிதறும் என்பது. உயர்தரத்துக்கு இரவும் பகலும் போதாதாம். நல்லது, இப்போது அந்த இரவும் பகலும் எங்கே போகின்றன என்று பார்ப்போமா? பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. அரைவயிறு சாப்பிட்டு, புத்தகப் பையை மாற்றிக்கொண்டு, தள்ளாடிச் சந்தி வழியாக மன்னார் டவுனுக்கு பஸ். அங்கே ரியூசன். சனி ஞாயிறும் ரியூசன். பதின்மூன்றாம் தரத்தின் கடைசி மாதங்களில் பாதிப்பேர் வகுப்புப் பக்கமே வருவதில்லை. இடாப்பில் மட்டும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் படிக்கக்கூடாது என்கிறவருக்கு இது தெரியாதா? இரட்டைப் பதிவு எங்கள் ஊரில் எப்போதோ வந்துவிட்டது. இரண்டாவது பதிவுக்குக் காசு கட்டவேண்டும், முடிவில் ஒரு துண்டுக் கடதாசியும் கையில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே பிற்பகலில் கிழமைக்கு இரண்டு நாள், தேசிய தொழில் தகைமை பெறக்கூடிய ஒரு பாடநெறிக்குப் போனால் மட்டும் கவனம் சிதறிவிடுமாம்.

இரண்டாவது, அவசரம் என்ன, உயர்தரம் முடியட்டும் என்பது. முடிவது எப்போது, ஐயா? 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை நடந்தது 2023 ஜனவரியில். பெறுபேறு வந்தது அந்த வருடம் செப்டெம்பரில். 2023க்குரியதை 2024 ஜனவரியில் எழுதினார்கள். பெறுபேறு மே மாதக் கடைசியில். 2024ஆம் ஆண்டுப் பரீட்சை வெள்ளத்தால் இடைநின்று, தள்ளிப்போய், பெறுபேறு 2025 ஏப்ரலில். அதற்குப் பிறகு வெட்டுப்புள்ளி, பிறகு அனுமதி. கொரோனா, பொருளாதார நெருக்கடி, விடைத்தாள் திருத்தும் இழுபறி என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் இருந்தது. காத்திருந்தது பிள்ளை.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. எங்கள் கரையில் படகு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் ஒரு பெடியன் இருக்கிறான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன். பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, கரி படிந்திருக்கும் விதத்தைப் பார்த்தே மண்ணெண்ணெய் கூடிவிட்டதா, எண்ணெய் கூடிவிட்டதா என்று சொல்வான். பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை மாமனின் வாடியில் சும்மா நின்ற மாதங்களில் பழகிய கைவேலை. இன்று ஊரே அவனைத் தேடி வருகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு படகுத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனபோது முதலில் கேட்டது சான்றிதழ். அது அவனிடம் இல்லை. அதே வேலையைப் பள்ளிக்கூட நாளிலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் முறையாகச் செய்திருந்தால் நான்காம் நிலைத் தேசிய தொழில் தகைமையோடு வெளியே வந்திருப்பான். அதிலிருந்து ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்கு ஏறலாம். ஏழாம் நிலை பட்டம். அதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் ஒரு தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. கடலோரப் பிள்ளைகளுக்காகச் சமுத்திரப் பல்கலைக்கழகமும் உண்டு. அதன் பிராந்திய நிலையம் ஒன்று யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஐயாவின் உரையில் இவற்றில் ஒன்றின் பெயர்கூட வரவில்லை.

வந்தது பல்கலைக்கழகம் மட்டும். சரி, அதையும் கணக்குப் பார்ப்போம். ஆண்டுதோறும் உயர்தரத்தில் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது நாற்பதாயிரம் சொச்சம். அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மன்னார் இருக்கிறது. இருந்தும் ஒரு வகுப்பில் உள்ளே போகிறவர்களைவிட வெளியே நிற்பவர்கள்தான் எப்போதும் அதிகம். ஐயா முழு வகுப்பையும் உள்ளே போகும் நாலு பேராக நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறார்.

மூன்றாவது வாதத்தைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. இதெல்லாம் படிக்காத பிள்ளைகளுக்கு என்றார். 2017இல் அரசாங்கம் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு வந்தாலும் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம். பொதுப்பாடங்களைப் படித்து, பிறகு தொழிற்பாடமும் பயிற்சி நிலையமும். முடிவில் தகைமைச் சான்றிதழ். யோசனை நல்லது. அதைக் கெடுத்தது பாடத்திட்டம் இல்லை. ‘அந்த வகுப்பு’ என்று வாயைக் கோணிச் சொன்ன பெரியவர்கள். 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபோதும் இதே வாய்கள் இதே மாதிரிக் கோணின. ஒரு வாசலைப் பெயிலானவர்களின் வாசல் என்று பெயர்வைத்துவிட்டு, அதற்குள் கெட்டிக்காரர் யாரும் போகவில்லையே என்று குறைசொல்வதில் என்ன நேர்மை? கணிதப் பிரிவில் படிக்கிற பிள்ளையும் வெல்டிங்கோ கணினி வலையமைப்போ படிக்கலாம், அதுவும் பெறுபேற்றில் ஏறும் என்று திறந்துவிடுங்கள். அந்தப் பெயர் தானாக உதிரும்.

இந்த இரட்டைப் பதிவு நம் மண்ணுக்கு ஒவ்வாத அமெரிக்கச் சரக்கு என்றும் சொன்னார். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1985இல் இதற்குச் சட்டம் போட்டது உண்மைதான். கனடாவின் ஒன்ராறியோவிலும் இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரரின் பிள்ளைகள் பள்ளி முடிக்குமுன்பே கல்லூரிப் பாடம் ஒன்றை முடிக்கலாம், அது இரண்டு பக்கமும் கணக்காகும். அந்தப் பிள்ளைகளின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டிப் பெருமைப்படுகிற ஊர் இது. ஆனால் அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, அதே கூரையின் கீழ் உயர்கல்விவரை கொண்டுபோனார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். பரிசளிப்பு விழாவுக்கு விழா தாமோதரம்பிள்ளையின் பெயரைச் சொல்கிறவர்கள், அவர் படித்த விதத்தை அந்நியம் என்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் பஸ்ஸில் போய்வருவது பாதுகாப்பில்லை என்றதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ரியூசன் முடிந்து இருட்டினபிறகு அதே பஸ்ஸில் வரும்போது யாரும் கூட்டம் போடவில்லை.

ஐயா கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் வேறு. தமிழில் கற்பிக்கப் போதிய ஆட்களும் கருவிகளும் இருக்கின்றனவா? வவுனியாவுக்கு எண்பது கிலோமீற்றர் போகச் சொல்லாமல் பாடநெறியை இங்கே கொண்டுவர முடியுமா? மன்னார்த் தீவில் முப்பது காற்றாலைகள் 2020 முதல் சுழல்கின்றன. அவை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை, அதில் நானும் ஒரு கட்சி. ஆனால் அவற்றைப் பராமரிக்கும் வேலைக்கு எங்கள் பிள்ளைகளைத் தயார்படுத்தும் பாடநெறி எங்கே? இப்படிக் கேட்டிருந்தால் முதல் கைதட்டு என்னுடையதாக இருந்திருக்கும். இரண்டு பக்கமும் கணக்காகும் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, கடைசியில் ஒரு பக்கமும் ஏற்காமல் கைவிடும் ஆபத்தும் உண்மையானது. அதற்கு எழுத்தில் உத்தரவாதம் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு மனுப் போடலாம். நானும் கையெழுத்து வைப்பேன். ஐயாவோ கதவையே சாத்தச் சொல்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு பொருளைக் கொண்டுவரவேண்டும் என்று கேட்கிறேன். பல்கலைக்கழகம் புகுந்தவர்களின் பெயர்ப்பலகை வேண்டாம். அது எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்து அனுமதிப் பதிவேடு வேண்டும். அதில் விலகிய திகதி, விலகிய காரணம் என்று இரண்டு நிரல்கள் இருக்கும். தான் அதிபராக இருந்த காலத்துப் பக்கங்களை எடுத்து, பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தரத்தில் விலகியவர்களின் காரணங்களை அவரே மேடையில் நின்று வாசிக்கட்டும். பெயர்களை வாசிக்கத் தேவையில்லை. தாய்மார் முன்வரிசையில்தான் இருப்பார்கள்.